மூன்று குழாய்களுக்கு ஒரே சூடு

செங்கல்பட்டில் இறங்கிய முதல் நாளில் ஏழு பேர் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார்கள். பினாங்கு என்றேன். ஏழு பேரும் தலையாட்டிவிட்டு, அது சரி, சொந்த ஊர் எது என்றார்கள். எட்டாவதாகக் கேட்ட லாட்ஜ் மேனேஜர், நோட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றதால் ‘செங்கல்பட்டு ஜில்லா’ என்று எழுதச் சொன்னேன். என் தாத்தா இந்த ஜில்லாவில் எங்கிருந்தோ புறப்பட்டுப் போய்க் கப்பலேறியவர். எங்கிருந்து என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மேனேஜர் எழுதிக்கொண்டே, "ஜில்லா பெருசுபா" என்றார்.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன் அல்ல. இரண்டு பேருடைய ரத்தத்தை எடுக்க வந்தவன்.

பினாங்கில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அம்மா இருக்கிறார். சீனர். சிவப்பணுக்களைத் தவிர வேறு எதிலும் அவருக்கு அக்கறை கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக் கிண்ணம் மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்திலேயே ஆறிப்போய் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் இங்கிலீஷில் சொன்னது: "சிவப்பணு புறப்படும் முன்பே தன் உட்கருவைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு தன்னைத் தானே ரிப்பேர் செய்துகொள்ள முடியாது. மூட்டையில் என்ன கட்டிக்கொண்டு கிளம்பியதோ அதை வைத்துத்தான் நூற்று இருபது நாள் ஓட்ட வேண்டும்." நான் ஊருக்குக் கிளம்பும்போதும் இதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னார். நீயும் பார்த்து மூட்டை கட்டு என்றார்.

காதர் பாய் அவருடைய நோயாளி. எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்த் துணி விற்கிறவர். மலேரியாக் காய்ச்சல் வந்து, ஏதோ ஓர் எஸ்டேட் மருந்தகத்தில் கொடுத்த மாத்திரையை விழுங்கி, மூன்றாம் நாள் சிறுநீர் கறுத்துப்போய் எங்களிடம் வந்தார். நான்தான் அந்தப் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கடைகளில் பால் இல்லாமல் குடிக்கிற காப்பியின் நிறம். அன்றிலிருந்து நான் அந்தக் காப்பியைத் தொடுவதில்லை. அவருடைய சிவப்பணுக்களில் ஒரு நொதி இல்லை என்று டாக்டர் கண்டுபிடித்தார். சாதாரண நாளில் அது இல்லாதது தெரியவே தெரியாது. அந்த ஒரு மாத்திரை உள்ளே போனால் மட்டும் அணுக்கள் கூட்டங்கூட்டமாக வெடிக்கும். ஊரார் ரத்தத்தை ஏற்றித்தான் பாயைப் பிழைக்க வைத்தோம்.

இந்தக் குறை தாய் வழியில் வரும். பாய்க்கு ஊரில் ஒரு தங்கை உண்டு. தங்கைக்கு ஒரு மகன். டாக்டர் ஒரு தாளில் வட்டமும் சதுரமும் போட்டுக் குடும்பத்தை வரைந்தார். தங்கையின் வட்டத்திலும் மகனின் சதுரத்திலும் கேள்விக்குறி. அந்த வாரமே தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. பையனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல், மலேரியாவாம், மாத்திரை அடுத்த மாதம்தான் தருவார்களாம், அடுத்து நிக்காஹ் என்று. டாக்டர் யாரைப் போகச் சொல்லலாம் என்று கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

முதல் நாள் இரவுச் சாப்பாடு ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில். பரோட்டா நன்றாகவே இருந்தது. எங்கள் ஊர் ரொட்டியைவிட அழுத்தம், குழம்பில் காரம் கூட. ஒரே மேஜையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். பினாங்கு காப்பிக் கடையில் தெரியாதவனோடு உட்கார்ந்தால், எழுந்திருப்பதற்குள் அவன் மாமியார் சண்டை வரைக்கும் வந்துவிடுவான். இங்கே மூவரும் அவரவர் இலையைப் பார்த்தே சாப்பிட்டார்கள். நான் தண்ணீர் கேட்டபோது ஒருவர் செம்பைத் தள்ளினார், தலையைத் தூக்கவில்லை. அறைக்கு வந்து ஊசிகளையும் குழாய்களையும் இரண்டாம் முறை எண்ணினேன். பேச வேறு ஆள் இல்லை.

மறுநாள் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ். மாமல்லபுரத்தில் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்ததால் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தேன். ஜடை வளர்த்த வெள்ளைக்காரப் பையன்களைச் சுற்றிச் சங்கு விற்கிறவர்களும் வழிகாட்டிகளும் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் கடல் தாண்டி வந்தவன்தான், என்னை யாரும் சீண்டவில்லை. ஒரு சங்கை எடுத்துக் காதில் வைத்தேன். "வாங்கற ஆளா நீ? வெச்சிடு" என்றார் கடைக்காரர்.

அங்கிருந்து தெற்கே, கடலோரத்தில், ஒரு பள்ளிவாசலும் ஒரே ஒரு கடைத்தெருவும் உள்ள ஊர். பெயரை எழுதவில்லை, அந்த வீட்டுக்கு அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மகன் யூசுப் வாசலிலேயே நின்றான். என் வயதுதான் இருக்கும். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடுகிறான். கண் மஞ்சள் தட்டிக் கன்னம் ஒடுங்கியிருந்தது. அவனுடைய அம்மா மைமூன் கணவரை இழந்தவர். வெளியாள் முன்னால் வருவதில்லை. உள்கதவில் தொங்கிய பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்துதான் பேசினார். அண்ணன் பதினெட்டு வருஷமாக ஊருக்கு வரவில்லை. அவருக்குத் தலை நரைத்துவிட்டதா, இன்னும் வெற்றிலை போடுகிறாரா, பேசும்போது மூக்கைத் தேய்க்கிறாரா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். மூக்கு விஷயம் உண்மையில் எனக்குத் தெரியாது.

"உன் தமிழு ரேடியோல பேசற மாறியே கீதுபா" என்றது திரை. பிறகு திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. கண்ணாடி வளையல்களை மேலே ஏற்றிவிட்டு அந்தக் கையில் ரத்தம் எடுத்தேன். முகம் பார்க்காமல் ஒருவர் ரத்தத்தை எடுப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

யூசுப்புக்கு என் ஆராய்ச்சியில் ஆர்வமில்லை. மாத்திரை எப்போது வரும் என்பதே கவலை. சர்க்கார் மலேரியாக்காரர் வந்து விரல் குத்திப் பார்த்து, கிருமி இருக்கிறது என்று சொல்லி, வீட்டுச் சுவரில் சாக்பீஸால் தேதி எழுதிப் போயிருந்தார். நாளைச் சாயங்காலம் மாத்திரையோடு வருவார். காய்ச்சலை அடக்குகிற மாத்திரை ஒன்று. கிருமியை வேரோடு எடுக்கிற மாத்திரை ஒன்று. காதர் பாயைச் சாய்த்தது அந்த இரண்டாவது.

நான் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவனுக்குக் குறை இருக்க நாலில் ஒன்றுதான் வாய்ப்பு. குறை இல்லாதவனாக இருந்தால், கிடைக்கிற மருந்தைக் கெடுத்து அவனை வருஷக்கணக்கில் நடுங்க விட்டவனாவேன்.

"அண்ணாத்த, நெனச்சுப் பாரு" என்றான் யூசுப். "நிக்காஹ்ல சம்மதமான்னு கேக்கச்சொல்ல நான் நடுங்கிகினு கீறேன். பொண்ணு வூட்டுக்காரன் இன்னா நெனைப்பான்? அடுத்த வெள்ளிக்கெழம கல்யாணம். எனுக்கு மாத்திர வேணும்."

நாளை மதியத்துக்குள் முடிவோடு வருகிறேன் என்றேன்.

குழாய்களை எடுத்துப்போக அகலவாய் பிளாஸ்க் வைத்திருந்தேன். ஐஸ்தான் இல்லை. யூசுப் மீன் ஏலம் போடுகிற இடத்துக்குக் கூட்டிப்போனான். மரத்தூளில் புதைத்த பாளத்தை ஒருவர் உடைத்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரன், ரத்தம், செங்கல்பட்டு என்று கேட்டதும் அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. காசு வேண்டாம் என்றார். பிளாஸ்கில் ஐஸை நிரப்பி, மேலே இரண்டு கைப்பிடி கல் உப்பும் போட்டுக் குலுக்கி மூடினார். வஞ்சிரமே மெட்ராஸ் வரை அசையாமல் போகும் என்றார். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து எனக்கென்று யாரும் எதுவும் செய்யாததால் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னேன்.

திரும்புகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், பிளாஸ்கில் டீயா, ஒரு வாய் கிடைக்குமா என்றார். ரத்தம் என்றேன். அடுத்த நிறுத்தத்தில் என் சீட்டு முழுக்க எனக்கே ஆனது. கண்டக்டர் மட்டும் வந்து, "ரத்தத்துக்கு லக்கேஜா, ஆளு டிக்கெட்டா?" என்று சிரிக்காமல் கேட்டார்.

செங்கல்பட்டில் டாக்டருக்குத் தெரிந்த ஒருவர் தன் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு ஒரு மேஜை கொடுத்திருந்தார். போனதும் ஒரு குழாயைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல ரத்தம் கொஞ்ச நேரம் நின்றால் கீழே சிவப்பும் மேலே வைக்கோல் நிறத் தெளிவுமாகப் பிரியும். இது அடியிலிருந்து நுனி வரை ஒரே சிவப்பு, ரோஸ்மில்க் சிரப் போல. எல்லாக் குழாயும் அப்படித்தான். வெறும் ஐஸ் ரத்தத்தைக் குளிர்விக்கும். உப்புச் சேர்ந்த ஐஸ் உறைய வைத்துவிடும். உறைந்த சிவப்பணு உடைந்து போகும். பினாங்கில் ஐஸ்கிரீம்காரர்கள் வாளியில் உப்பைப் போட்டுச் சுற்றுவதைச் சிறு வயதில் மணிக்கணக்காக வேடிக்கை பார்த்தவன் நான். பட்டம் வாங்கியவன். நன்றி வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் நடந்தேன். ரயில்கள் போயின. எங்கள் டாக்டருக்கு இதை எப்படி எழுதுவது என்று யோசித்தேன். அதைவிட, திரைக்குப் பின்னாலிருக்கிற அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது.

மூன்றாம் நாள் ஐஸை நம்பவில்லை. கூடத்தையே தூக்கிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். டாக்டர் கற்றுக்கொடுத்த பழைய முறை ஒன்று உண்டு. ரத்தத்தில் இரண்டு மருந்துகளைச் சொட்டி, மூன்று மணி நேரம் உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். முதலில் எந்த ரத்தமும் பழுப்பாகிவிடும். நொதி உள்ள ரத்தம் மெல்ல மெல்லத் திரும்பச் சிவக்கும். இல்லாதது பழுப்பாகவே நிற்கும். மருந்து, குழாய், வெந்நீர் வைக்க ஒரு டப்பா, சூடு பார்க்க ஒரு தெர்மாமீட்டர். இவ்வளவுதான் மூட்டை.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பஸ்ஸின் ரேடியேட்டர் கொதித்து நின்றது. எல்லோரும் இறங்கி நுங்கு வாங்கித் தின்றோம். நுங்குக்காரர் எந்த ஊர் என்றார். "ஜில்லாதான்" என்றேன். யாரோ குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, பஸ் உறுமிக் கிளம்பியது. ஏறுகிற அவசரத்தில் ஒருவருடைய தகரப்பெட்டி என் பையை நசுக்கியது. திறந்து பார்த்தேன். தெர்மாமீட்டர் இரண்டாக இருந்தது. பாதரசம் பையின் அடியில் உருண்டுகொண்டிருந்தது.

ஊர் போய்ச் சேர்ந்தபோது மதியத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். இன்னொரு முறை ரத்தம் வேண்டும் என்றேன். திரை உடனே மறுத்தது. முந்தின நாள் இரவு யூசுப்புக்கு நலுங்கு வைத்துவிட்டார்களாம். நலுங்கு வைத்த பிள்ளையின் உடம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுக்க அந்த வீட்டில் யாரும் விட்டதில்லையாம்.

"ஒரு தபா குடுத்தாச்சு. அத்த இன்னா பண்ண நீ?"

சொன்னேன். ஐஸ், உப்பு, பஸ், ஏரிக்கரை எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். திரைக்குப் பின்னால் சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒன்று கேட்டது.

"மீனுக்குப் போடற ஐஸ்லயா என் புள்ள ரத்தத்த வெச்ச? இத்தப் படிக்கத்தான் பினாங்குல காலேஜா?"

யூசுப் வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரிக்க முயன்றேன், வரவில்லை. அது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது போலும். யாருக்காக இவ்வளவு தூரம் அலைகிறேன் என்று அந்த அம்மா கேட்டார். உங்கள் அண்ணனின் பாட்டிலை வாங்கிப் பார்த்தது நான்தான் என்றேன். அந்த நிறத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை என்றேன்.

"மொதல்ல நீ குத்திக்கோ" என்றார். "அப்பால பாக்கலாம்."

எப்படியும் என் ரத்தம் தேவைதான். ஒப்பிட்டுப் பார்க்க, குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆளின் ரத்தம் வேண்டும். இடது கையில் ரப்பர் பட்டையை ஒற்றைக் கையாலும் பல்லாலும் இறுக்கப் பார்த்துத் தோற்றேன். யூசுப் பிடித்துக்கொண்டான். எனக்கு நானே எடுத்தேன். பிறகு அவன் சட்டைக் கையை மடக்கி நீட்டினான். கடைசியில் திரையோரத்திலிருந்து வளையல் கை வந்தது.

மூன்று குழாய்கள். மருந்தைச் சொட்டினேன். குழப்பம் வராமலிருக்க யூசுப்பின் குழாயில் வெள்ளை நூல் கட்டினேன். அம்மாவுடையதில் பச்சை நூல், அவரே உள்ளேயிருந்து கொடுத்தது. என்னுடையதற்கு நூல் கட்டவில்லை.

டப்பாவில் வெந்நீர் ஊற்றியபோதுதான் சிக்கல் புரிந்தது. தெர்மாமீட்டர் இல்லாமல் சூட்டை எப்படி நிறுத்துவது? அடுப்பில் வைத்தால் கொதிக்கும், எடுத்தால் ஆறும். சூடு தப்பினால் முடிவையே நம்ப முடியாது. மணி ஒன்று தாண்டிவிட்டது. விரலை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டு தவித்தேன்.

"எவ்ளோ சூடு வேணும்?" என்று கேட்டது திரை.

உடம்புச் சூடு என்றேன்.

"ஒடம்பு சூட்டுக்கு இன்னாத்துக்கு அடுப்பு? ஒடம்புதான் கீதே. குடு இப்டி."

யூசுப்பின் உடம்பு காய்ச்சல் உடம்பு, அது ஆகாது. நான் வைத்துக்கொள்கிறேன் என்று இழுத்தேன். வந்ததிலிருந்து நான் எட்டுத் தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேனாம். உன்னிடம் கொடுத்தால் தெருவில் விழுந்து உடையும் என்றார் அந்த அம்மா. அவருடைய குழாயையும் மகனுடையதையும் துணியில் சுற்றித் திரைக்குள் நீட்டினேன். கை மறுபடி வெளியே வந்து விரித்தபடி நின்றது.

"உன்து?"

மூன்றையும் வாங்கிக்கொண்டார். இரண்டு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டதாக யூசுப் எட்டிப் பார்த்துச் சொன்னான். அடுத்த மூன்று மணி நேரம் அந்த அம்மாவால் ஒரு பாத்திரத்தைக்கூட நகர்த்த முடியவில்லை. கல்யாண வீடு. பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து மாவு எவ்வளவு, மருதாணி எங்கே என்று கேட்பதும், இவர் கையைத் தூக்காமல் வாயாலேயே வேலை வாங்குவதும் கேட்டது. என்ன இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒருத்தி கேட்டதற்கு, "முட்ட மேல குந்திகினு கீறேன், பேஜார் பண்ணாத" என்றார்.

எனக்கு ஒரு தட்டில் சோறும், அவர்கள் ஆணம் என்கிற மீன் குழம்பும் வந்தன. எதிரே யூசுப் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். பினாங்கில் இந்நேரம் மழை பெய்துகொண்டிருக்கும். இங்கே வெயில். என் ரத்தம் ஒரு திரைக்குப் பின்னால், நான் முகம் பார்த்திராத ஒருவர் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு என்னைச் சேர்ந்தது என்று அந்த ஊரில் அது ஒன்றுதான்.

மூன்றரைக்கு மலேரியாக்காரர் சைக்கிளில் வந்தார். காக்கிச் சட்டை, தோளில் பை. மாத்திரையைத் தன் கண்ணெதிரே விழுங்க வேண்டும், அதுதான் விதி என்றார். நான் விளக்கினேன். அவர் மோசமான மனிதர் அல்ல. ஆனால் இன்னும் ஆறு வீடு பாக்கி. பேப்பர் இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் தள்ளு என்றார். யூசுப் கையை நீட்டினான். மாத்திரை அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"டேய் யூசுப், அத்த வாயில வெச்சே, இங்க இருக்கறத போட்டு ஒடச்சிடுவேன்" என்றது உள்ளேயிருந்து குரல். அவன் விரல்களை மூடிக்கொண்டான். மலேரியாக்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, டீ கிடைக்குமா என்றார்.

நான்கு மணி பத்து நிமிடத்துக்குத் திரை விலகியது. முக்காட்டை இழுத்துவிட்டபடி அவரே வெளியே வந்தார். காதர் பாயின் அதே மூக்கு. மூன்று குழாய்களையும் என் கையில் கொடுத்தார், கதகதப்பாக இருந்தன. வாசல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்தேன்.

நூல் இல்லாதது நல்ல சிவப்பு. வெள்ளை நூல் போட்டது பழுப்பு, சொட்டுக்கூட மாறாத காப்பிப் பழுப்பு. பச்சை நூல் இரண்டுக்கும் நடுவில், செங்கல் நிறத்தில் நின்றது.

மலேரியாக்காரரும் குனிந்து பார்த்தார். கண்ணாலேயே தெரிந்தது. யூசுப்பின் விரல்களைப் பிரித்து மாத்திரையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். காய்ச்சலை அடக்குகிற மாத்திரையை மட்டும் கொடுத்தார். என்னிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, சுவரில் தேதிக்குக் கீழே சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். நிக்காஹில் நடுங்காமல் உட்காரலாம், ஆனால் காய்ச்சல் பின்னால் திரும்பி வரலாம் என்று யூசுப்பிடம் சொன்னேன். "கல்யாணத்துக்கு அப்பால வந்தா வரட்டும் அண்ணாத்த, அப்போ பாத்துக்க ஆளு இருக்கும்" என்றான்.

அந்த அம்மா பச்சை நூல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நாந்தான் குடுத்தனா இவனுக்கு?"

உங்களுக்கு உங்கள் அம்மா கொடுத்தது என்றேன். உங்கள் அண்ணனுக்கும் அவர் கொடுத்ததுதான்.

இடிந்துபோவார் என்று பயந்தேன். அவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினெட்டு வருஷமா அந்த மனுசனுக்கும் எனக்கும் ஒரு லெட்டருதான்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். "சொல்லு அவருகிட்ட. எனக்கும் அதுதான் ஓடுதுன்னு சொல்லு."

நோட்டை எடுத்து எழுதினேன். என்ன எழுதுகிறாய் என்றார். வாசித்துக் காட்டினேன். பச்சை நூல்: உறவு, தாய். வெள்ளை நூல்: உறவு, மகன். நூல் இல்லாதது: உறவு, இல்லை.

"இல்லைன்னா எழுதன?"

அப்படித்தான் எழுத வேண்டும் என்றேன். உறவில்லாத ஆளாக இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

"மூணு மணி நேரம் ஒண்ணாத்தான வெச்சிருந்தேன் மூணையும்" என்றார். "அத்தயும் எழுது."

குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்: மூன்றும் ஒரே சூட்டில் வைக்கப்பட்டன. அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரைக்குள் போனார். மாவு தீர்ந்துவிட்டதாக யாரையோ கடிந்துகொள்ளும் குரல் கேட்டது.

நிக்காஹுக்கு இருக்க முடியாது; அதற்கு முந்தைய சனிக்கிழமையே கப்பல். கடைசி பஸ்ஸில் முந்தின நாள் கண்டக்டரே இருந்தார். மடியிலிருந்த பிளாஸ்கைப் பார்த்து, இன்றைக்கு என்ன என்றார். காலி என்றேன். திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். அதற்குப் பிறகு ஒரு மீன்கார அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கூடையை என் காலடியில் தள்ளினார். செங்கல்பட்டு வரும் வரையில் உப்பு ஐஸ் உருகி என் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் காலை நகர்த்தவில்லை.